தேங்காய் ஆட்டமும் தென்காசிச் சம்பந்தியும்

வாங்க அண்ணாச்சி, வாங்க. செருப்பு அங்கனயே கிடக்கட்டும், எவனும் எடுக்க மாட்டான். அந்த நாற்காலியில உக்காராதீங்க, அது கம்ப்யூட்டர் நாற்காலி, சுத்தும். இதுல உக்காருங்க. வாசுதேவநல்லூர்லேருந்து பஸ்ஸு நேரா கிடைச்சுதா, இல்ல சங்கரன்கோவில்ல மாறி வந்தீங்களா? திருநெல்வேலி வெயிலு இன்னைக்குக் கொஞ்சம் அதிகம்தான். செண்பகம், அண்ணாச்சி வந்துட்டாரு, காப்பி போடு. சீனி கேட்டுப் போடு.

எனக்கு விஷயம் தெரியும், நீங்க கூச்சப்பட வேண்டாம். நேத்தே தென்காசியிலேருந்து சம்பந்தி போன் பண்ணிட்டாரு. "அண்ணாச்சி, நம்ம சின்னவ காந்திமதிக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கு. மாப்பிள்ளையோட அப்பா உங்களைப் பாக்க வருவாரு, எங்க வீட்டைப் பத்தி விசாரிப்பாரு"ன்னாரு. "நான் என்ன சொல்லணும் சம்பந்தி?"ன்னு கேட்டேன். "உள்ளதைச் சொன்னாப் போதும் அண்ணாச்சி"ன்னாரு. கேட்டுக்கிட்டீங்கல்லா? உள்ளதைச் சொல்லுன்னு அவரே சொல்லிட்டாரு. அதனால பின்னாடி என்னைக் குத்தம் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

பொண்ணைக் கேட்டீங்கன்னா, தங்கம். பி.பார்ம் படிச்சிருக்கா. ஏற்கனவே மூணு இடம் கூடி வந்து தட்டிப் போச்சு, அவ மேல ஒரு குத்தமும் கிடையாது, எல்லாம் ஜாதகக் கோளாறு. அந்த மனுஷனுக்கு அதுல ராத்திரி தூக்கம் கிடையாதுன்னு அவங்க வீட்டம்மா சொல்லுதாங்க. பெரியவ ஆவுடைச்செல்விதான் எங்க வீட்டு மருமக. ஓசூர்ல என் மகன் கூட இருக்கா. அவளையும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. அந்த வீட்டுப் பொம்பளையாட்களைப் பத்தி விசாரிக்க வேண்டிய அவசியமே இல்ல.

ஆனா சம்பந்தி குத்தாலிங்கத்தைக் கேட்டீங்க பாருங்க, அங்கதான் நான் கொஞ்சம் யோசிக்கேன்.

குடிக்க மாட்டாரு. பொய் பேச மாட்டாரு. பாலிடெக்னிக்ல முப்பது வருஷம் கம்ப்யூட்டர் லேப்ல வேலை பாத்து, ஒரு சொல்லு வாங்காம ரிட்டையர் ஆனவரு. அதெல்லாம் ஊருக்கே தெரியும். அதைக் கேக்கவா இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்தீங்க? ஒரு மனுஷனோட உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியணும்னா அவனை ஒரு ஆட்டத்துல உக்கார வச்சுப் பாக்கணும். நான் வச்சுப் பாத்தேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

நான் ஒரு நூல் மில்லு ஆபீஸ்ல வேலை பாத்தேன். தொண்ணூத்தி நாலுல எங்க செக்‌ஷனுக்கு ஒரு 386 கம்ப்யூட்டர் வந்துச்சு. அதுக்கு ஏசி ரூம், அதுக்கு ஒரு வெல்வெட் துணி, உள்ள போகணும்னா செருப்பைக் கழட்டிட்டுப் போகணும். கருவறை கணக்கா வச்சிருந்தோம். அந்த மெஷினோட ஒரு ஃப்ளாப்பியும் வந்துச்சு. அதுல ஒரு ஆட்டம். அதுக்கு என்னமோ ஒரு இங்கிலீஷ் பேரு உண்டு, நாங்க தேங்கா ஆட்டம்னுதான் சொல்லுவோம். மேல ஒரு குரங்கு உக்காந்து தேங்காயைப் பறிச்சுப் பறிச்சுப் போடும். கீழ ஒருத்தன் கூடையை வச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடிப் பிடிக்கணும். மூணு தேங்கா தரையில விழுந்துச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுது. கடைசியில யாரு எம்புட்டு எடுத்தாங்கன்னு பத்து வரி காட்டும். பேரு போட மூணு இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் இடம். நான் எஸ்.என்.ஆர். சங்கரநயினார்.

பத்து வரியிலயும் எஸ்.என்.ஆர்.தான் அண்ணாச்சி. முதல் வரி எட்டாயிரத்து அறுநூத்து நாப்பது. மேனேஜரு ஆடிப் பாத்தாரு, ஆடிட்டர் ஆடிப் பாத்தாரு, டைம்கீப்பர் பிச்சைக்கண்ணு மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டு ஆடிப் பாத்தான். ஒருத்தனும் ஆறாயிரத்தைத் தாண்டல. பிறகு மில்லைப் பூட்டிட்டாங்க. சாமானையெல்லாம் ஏலம் விட்டாங்க. நான் அந்த மெஷினை ஏலத்துல எடுத்து இங்கன கொண்டாந்து வச்சுட்டேன். ஏன்னு கேளுங்க. இருபத்தாறு வருஷம் அங்க வேலை பாத்தேன். மில்லு இருந்த இடத்துல இப்ப கல்யாண மண்டபம் இருக்கு. நான் அங்க வேலை பாத்ததுக்கு உலகத்துல மிச்சம் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தப் பத்து வரிதான். சிரிக்காதீங்க. உங்களுக்கு நிலபுலம் இருக்கு, நீங்க சிரிப்பீங்க.

போன ஐப்பசியில விழுந்த இடியில அந்த மெஷினு போயிட்டு. ஒரு புகை, ஒரு நாத்தம், அம்புட்டுதான். நான் ரெண்டு நாளு சாப்பிடல. செண்பகத்தைக் கேளுங்க. நான் சாப்பிட்டேன்னுதான் சொல்லுவா, அதைக் கணக்குல எடுக்காதீங்க. மகனுக்குச் சொன்னேன். "அதுக்கென்னப்பா, புதுசு அனுப்புதேன்"னு இதை அனுப்பி வச்சான். பாருங்க, எம்புட்டு சின்னது. காலண்டர் தொங்குத மாதிரி ஒரு திரை, பின்னாடி ஒரு சோப்புப் பெட்டி. அந்த 386-ஐ விட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம்னு சொன்னான். அதுல என் ஆட்டம் ஓடுமாடான்னு கேட்டேன். பதிலே சொல்லாம வைஃபை பத்திப் பேசினான்.

கடைக்காரனைக் கூப்பிட்டேன். அவன் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சார், இதை மியூசியத்துக்குக் கொடுக்கலாமே"ன்னான். அப்புறம் எப்படியோ ஃப்ளாப்பியைப் போட்டுப் பாக்கலாம்னா, ஃப்ளாப்பி போடுத ஓட்டையே இந்த மெஷின்ல கிடையாது. எங்க போய்ச் சொல்லுவீங்க?

அப்பதான் சம்பந்தி போன்ல, "அண்ணாச்சி, நான் வந்து பாக்கட்டுமா, பழைய டிஸ்க்கைப் புது மெஷின்ல மாட்டுததுக்கு ஒரு கேபிள் இருக்கு"ன்னாரு. நான் கேக்கவே இல்ல பாத்துக்கிடுங்க, அவரா சொன்னாரு. கார்த்திகை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, கையில கேபிளு, செங்கோட்டை நேந்திரங்கா சிப்ஸ் ஒரு பொட்டலம், வந்து இறங்கிட்டாரு. நானும் சும்மா இருக்கலாமா? பிச்சைக்கண்ணுக்குச் சொல்லிவிட்டேன், மில்லுல கூட இருந்த இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன், எதுத்த வீட்டு வாத்தியாரையும் கூப்பிட்டேன். நாலு பேரு இங்கன சுத்தி நின்னாங்க. செண்பகம் எல்லாருக்கும் கேசரி கொடுத்தா.

அவரு ஒரு மணி நேரம் என்னென்னமோ தட்டினாரு. புதுக் கம்ப்யூட்டருக்குள்ள பழைய கம்ப்யூட்டர் ஒண்ணைப் பொம்மை மாதிரி உண்டாக்கி, அதுக்குள்ள டாஸ்ங்கிற அந்தக் காலத்துப் புரோகிராமைப் போட்டு, அதுக்குள்ள ஆட்டத்தை வைக்கணும்னாரு. வச்சாரு. திரையில என் பத்து வரியும் வந்துச்சு அண்ணாச்சி. பத்து எஸ்.என்.ஆர். எனக்குக் கண்ணு கலங்கிட்டு, அதை ஒத்துக்கிடுதேன். "ஆடுங்க அண்ணாச்சி"ன்னு எந்திரிச்சு நின்னாரு. நான் உக்காந்தேன், வேட்டியை இழுத்துச் செருகினேன், பட்டனைத் தட்டினேன்.

ஆட்டம் முடிஞ்சுட்டு.

என்ன நடந்துச்சுன்னே தெரியல. குரங்கு தெரிஞ்சுதா இல்லையான்னு கூட எனக்கு நிச்சயம் இல்ல. மூணு தேங்காயும் விழுந்து, எடுத்தது பூஜ்ஜியம்னு காட்டுது. மறுபடி தட்டினேன். மறுபடி பூஜ்ஜியம். பிச்சைக்கண்ணு பின்னாடி நின்னு, "என்ன வேய் நயினாரு, கண்ணை மூடித் திறக்குமுன்ன தோத்துட்டீரே"ன்னான். நாலு பேரும் சிரிச்சாங்க. வாத்தியாரு கேசரி வாயில இருக்கும்போதே சிரிச்சாரு.

பொண்ணைக் கொடுத்த மனுஷன் மாப்பிள்ளையோட அப்பாவுக்கு இப்படிச் செய்யலாமா? நீங்களே சொல்லுங்க. அவரு என்னமோ விளக்கம் சொன்னாரு. அந்தக் காலத்துல ஆட்டத்தை எழுதினவன் கடிகாரத்தைப் பாத்து எழுதலையாம், மெஷினு எம்புட்டு வேகமா ஓடுதோ அம்புட்டு வேகமா தேங்கா விழட்டும்னு விட்டுட்டானாம். அன்னைக்கு மெஷினு பைய ஓடினதால தேங்காயும் பைய விழுந்துச்சாம். இப்ப மெஷினு பறக்குதாம், அதனால தேங்காயும் பறக்குதாம். "இது என் தப்புதான் அண்ணாச்சி, முன்னாடியே யோசிச்சிருக்கணும்"னாரு. தப்புன்னு அவரு வாயாலயே வந்துட்டு பாருங்க. சாப்பாட்டுல ரெண்டாம் தடவை சோறு வாங்காம எந்திரிச்சுட்டேன். அவருக்கு அது புரிஞ்சுது. முகம் சுண்டிப் போச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் அந்தப் பக்கம் போன் போடல. அவரு போட்டா செண்பகத்துக்கிட்ட கொடுத்துருவேன்.

பொங்கல் வந்துச்சு. மகனும் மருமகளும் ஓசூர்லேருந்து வந்திருந்தாங்க. பொங்கப்படிச் சீரு கொண்டுக்கிட்டு சம்பந்தியும் அவங்க வீட்டம்மாவும் வந்தாங்க. தாம்பாளத்தைக் கொண்டாந்து என் முன்னாடி வைக்காரு. கரும்பு, மஞ்சக்குலை, வெத்தலை பாக்கு, பழம், பித்தளைப் பானை. நடுவுல, வெத்தலை மேல, ஒரு பென்டிரைவ். மஞ்சள் குங்குமம் வச்ச பென்டிரைவை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். "அண்ணாச்சி, இதுல வேற ஒரு புரோகிராம் இருக்கு. இதுல வேகத்தை நாம கூட்டிக் குறைச்சுக்கிடலாம்"னாரு. சரி, பொங்கலும் அதுவுமா வந்துட்டாரேன்னு நானும் பெருந்தன்மையா நாற்காலியைக் காட்டினேன்.

திரைக்கு மேல ஒரு நம்பரு தெரியும். அதுதான் வேகமாம். அவரு ஆறாயிரம்னு வச்சாரு. "எங்க லேப்லயும் 386 இருந்துச்சு அண்ணாச்சி. அதுல இந்த ஆட்டத்தை நான் வாட்சை வச்சு நேரம் பாத்து எழுதி வச்சிருக்கேன். ஆறாயிரம்தான் சரியான வேகம்"னாரு. நான் ஆடிப் பாத்தேன். எழுநூறுல போயிட்டு. "சம்பந்தி, உங்க லேப் மெஷினு வேற, எங்க மில்லு மெஷினு வேற. எங்க மெஷினு நிதானமான மெஷினு. கொஞ்சம் பைய வைங்க"ன்னேன். அவரு ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாரு. "அதுவும் சரிதான், மெஷினுக்கு மெஷினு மாறும்"னாரு. அஞ்சாயிரத்துல வச்சாரு. அதுவும் வேகம். நாலாயிரம். அதுவும் வேகம். மூணு. ரெண்டு. "இன்னும் ஒரு சொட்டு"ன்னேன். ஆயிரத்து நானூறுல வந்து நின்னுச்சு பாருங்க, அதுதான் அண்ணாச்சி எங்க மில்லு மெஷினோட அச்சு அசல் வேகம். தேங்கா அப்படியே மிதந்து மிதந்து இறங்குது. அந்தக் காலத்துல அப்படித்தான் இறங்கும், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

இன்னொண்ணும் குறைஞ்சுது. இந்தப் புது மெஷின்ல சத்தமே கிடையாதுல்லா. பழைய மெஷினு கிர்ருன்னு ஒரு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும், அது இல்லாம எனக்குக் கை ஓட மாட்டேங்குது. செண்பகத்தை டேபிள் ஃபேனை ஃபுல்லுல வைக்கச் சொன்னேன். தை மாசக் குளிர்ல எல்லாரும் போர்த்திக்கிட்டு உக்காந்தாங்க. மூணே நாளு. ஒன்பதாயிரத்து இருநூத்திப் பத்து. என்னோட பழைய ரெக்கார்டை நானே முறிச்சேன், அறுபத்தெட்டு வயசுல.

என்ன செண்பகம், அங்கன என்ன முனங்குத? காப்பியைப் பாரு.

இப்ப ஆளு எப்படின்னு கேட்டீங்கல்லா, அதுக்கு வாரேன். மாசி மாசம் பென்ஷன் ஆபீஸ்ல ஏதோ சோலின்னு இங்க வந்தாரு. சாப்பிட்டுப் போங்கன்னு பிடிச்சு வச்சேன். "சம்பந்தி, எத்தனை நாளைக்குத்தான் நான் ஒருத்தனே ஆடுதது, நீங்களும் ஒரு கை பாருங்க"ன்னேன். வேண்டாம் அண்ணாச்சின்னாரு. விடல. உக்கார வச்சேன். அதே ஆயிரத்து நானூறு, ஒரு ஓர வஞ்சனை கிடையாது. ஆடுதாரு. பரவால்லாமத்தான் ஆடுதாரு. அஞ்சாயிரம், ஆறாயிரம், எட்டாயிரம். நான் எந்திரிச்சுத் திரைக்குக் கிட்ட வந்துட்டேன். ஒன்பதாயிரத்து நூத்துத் தொண்ணூறு வந்தாச்சு. இன்னும் ரெண்டு தேங்கா பிடிச்சா என்னைத் தொட்டுருவாரு. அப்ப பாத்து கூடை அப்படியே நின்னுட்டு அண்ணாச்சி. நடுவுல. ஒண்ணு, ரெண்டு, மூணு தேங்காயும் பக்கத்துலயே விழுது, மனுஷன் கையை எடுத்துட்டாரு. "என்னாச்சு சம்பந்தி?"ன்னேன். "தும்மல் வந்துட்டு அண்ணாச்சி"ன்னாரு.

தும்மல். ஒரு மனுஷன் வாழ்க்கையில ஜெயிக்கப் போற நேரத்துல தும்முவானா? அதைத்தான் சொல்லுதேன். ஆளு நல்ல ஆளு, ஆனா கடைசி நேரத்துல கைவிட்டுருவாரு. இது ஒரு தடவை இல்ல. நாலு வருஷம் முன்ன என் மகன் கல்யாணத்துக்கு முந்தின நாளு மண்டபத்துல ரம்மி ஆடினோம், தோத்தாரு. போன வருஷம் கேரம் போர்டு, சிவப்புக் காயி குழி வாயில நிக்குது, பூனை வாலு பட்டாக்கூட விழும், அதை விட்டுட்டு வேற எங்கயோ அடிக்காரு. அம்பாசமுத்திரத்துக்கு எந்த வழி கிட்டன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அவரு சொன்னதுதான் கிட்டன்னு பிறகு தெரிஞ்சுது, ஆனா அன்னைக்கு ரெண்டாவது வார்த்தையிலயே "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி"ன்னு விட்டுட்டாரு. சொந்தமா ஒரு வைராக்கியம் கிடையாது. தோக்கிறதுக்குன்னே பிறந்த மனுஷன்.

அந்தத் தும்மல் நாளுலயே நடந்ததைக் கேளுங்க, இது இன்னும் விசேஷம். மத்தியானம் சாப்பிட்டு நான் செத்த கண்ணசந்தேன். எந்திரிக்கும்போது நாலு மணி, அவரு பஸ்ஸுக்குப் போயிட்டாரு. சும்மா வந்து இந்த ஆட்டத்தைத் திறந்து பாக்கேன். முதல் வரியில என்ன இருக்கு தெரியுமா? பதினாலாயிரத்து முந்நூறு. எஸ்.என்.ஆர்.

நான் எப்ப ஆடினேன்னு எனக்கே தெரியல அண்ணாச்சி. ரொம்ப நேரம் யோசிச்சேன். சாப்பாட்டு மயக்கத்துல எந்திரிச்சு வந்து ஆடிட்டு, திரும்பப் போய்ப் படுத்திருக்கேன் போல. இத்தனை வருஷப் பழக்கம்லா, கை தானா ஆடும். படம் எடுத்து மில்லு வாட்ஸாப் குரூப்புல போட்டேன். பிச்சைக்கண்ணு கை கூப்புத படம் போட்டான். அவன் அப்படிப் போட்டு நான் பாத்ததே கிடையாது. தெரு முழுக்கச் சொன்னேன். சம்பந்திக்கும் போன் போட்டுச் சொன்னேன், "சம்பந்தி, பதினாலாயிரத்து முந்நூறு." "அப்படியா அண்ணாச்சி, ரொம்ப சந்தோஷம்"னாரு. அதுக்கு மேல ஒரு ஆச்சரியம் கிடையாது, எப்படி எடுத்தீங்கன்னு ஒரு கேள்வி கிடையாது. பொறாமைன்னு சொல்ல மாட்டேன். உணர்ச்சி கம்மி.

என்ன, பையை எடுக்கீங்க? காப்பி வருதுல்லா. யோசிச்சுச் சொல்லுதேங்கிறீங்க. ஆமா, யோசிக்க வேண்டியதுதான். கடைசி நேரத்துல கைவிடுத ஆளுன்னா நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல எப்படி நிப்பாருன்னு உங்களுக்குத் தோணும். தோணுறதுல தப்பு இல்ல. உள்ளதைச் சொல்லச் சொன்னாரு, நான் சொல்லிட்டேன்.

வா செண்பகம். காப்பியை அவருக்கு முதல்ல கொடு. என்ன டம்ளரை இப்படி டக்குன்னு வைக்க? என்னது?

என்ன சொல்லுதா கேட்டீங்களா? "அன்னைக்கு நீங்க எந்திரிக்கவே இல்ல, குறட்டை விட்டுத் தூங்கினீங்க"ங்கா. சரி, தூங்கினேன். அப்ப ஆடினது யாரு, நீயா?

தென்காசி அண்ணன்தான் ஆடினாருங்கா.

நில்லு, நில்லு. பையச் சொல்லு. இவரும் கேக்கட்டும். இவ இங்கன உக்காந்து முருங்கைக் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாளாம். அவரு பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னு சும்மா நாற்காலியில உக்காந்தாராம். அந்த மேல இருக்கிற நம்பரை ஏத்தினாராம். எம்புட்டுக்கு? ஆறாயிரத்துக்கு. ஆறாயிரத்துல வச்சு, ஃபேனும் போடாம, அரை மணி நேரம் ஆடினாராம். தேங்கா விழுதது இவ கண்ணுக்கே தெரியலையாம், ஆனா கூடை போய்ப் போய்ப் பிடிச்சுதாம். முடிஞ்சதும் பேரு கேட்டுச்சாம். அவரு பேரைப் போட்டாராம். போட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாராம். பிறகு அழிச்சுட்டு என் பேரைப் போட்டாராம். நம்பரைத் திரும்ப ஆயிரத்து நானூறுக்குக் கொண்டாந்து வச்சுட்டு, "அண்ணாச்சிக்கிட்ட சொல்லிராதீங்கம்மா"ன்னுட்டுப் போனாராம்.

ஏன் செண்பகம் நாலு மாசமா சொல்லல? "நீங்க சின்னப்பிள்ளை கணக்கா சந்தோஷமா இருந்தீங்க, எப்படிச் சொல்ல"ங்கா. இப்ப மட்டும் ஏன் சொன்ன? "ஒரு பொம்பளைப் பிள்ளை வாழ்க்கை போகுது, இதுக்கு மேல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது"ங்கா.

சரி. ஒரு நிமிஷம் இருங்க அண்ணாச்சி. காப்பி ஆறுது, குடிங்க.

அப்ப தும்மல் வந்துச்சே? "அவரு எங்க தும்மினாரு, நானும் பக்கத்துலதான நின்னேன்"ங்கா. எனக்கும் இப்ப யோசிச்சா தும்மல் சத்தம் ஞாபகம் வரல. அந்த ரம்மி? சொல்லு, சபையில எதுக்கு மறைக்க. சீட்டை அவரு கவுத்தி வச்சதும் அவங்க வீட்டம்மா எடுத்துப் பாத்தாங்களாம், ஜெயிக்கிற சீட்டாம். அப்ப கேரம் போர்டு? வேண்டாம், அதைச் சொல்லாத. அதை மட்டும் எனக்கு விட்டுரு.

வெக்கமா இருக்கு அண்ணாச்சி. உங்க முன்னாடி இல்ல, நீங்க இன்னைக்கு வந்தவரு. அந்த மனுஷன் இதோ இந்த ஓரத்துல நிப்பாரு. நான் உக்காரச் சொல்லுத வரைக்கும் நிப்பாரு. நானும் ஆட்டத்து மும்முரத்துல மறந்துருவேன். நாலு வருஷமா அவரு நின்னுக்கிட்டே தோத்திருக்காரு, நான் உக்காந்துக்கிட்டே ஜெயிச்சிருக்கேன். அவருக்குத் திறமை இல்லன்னு ஊரு முழுக்க வேற சொல்லியிருக்கேன். உங்ககிட்டயும் சொன்னேன். இன்னும் அஞ்சு நிமிஷம் இவ வராம இருந்திருந்தா நீங்க பஸ் ஸ்டாண்டுல இருந்திருப்பீங்க, காந்திமதிக்கு நாலாவது இடமும் தட்டிப் போயிருக்கும். காரணம் என்னன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சாலும் "அண்ணாச்சி உள்ளதைத்தான சொன்னாரு"ன்னு இருந்திருப்பாரு.

அதனால நான் முன்ன சொன்னதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அர்த்தத்தை மட்டும் திருப்பிப் போட்டுக்கிடுங்க. கடைசி நேரத்துல கையை எடுத்தாருன்னு சொன்னேன். கையை எடுத்தது எனக்காக. பொண்ணு அந்த வீட்டுலேருந்து வாரான்னா நீங்க ஜாதகம் கூட பாக்க வேண்டாம். ஆவணியில முகூர்த்தம் பாருங்க. நானே தென்காசிக்கு வந்து முன்னாடி நிக்கேன்.

அவரு வந்தா ஆறாயிரத்துலயே வச்சு நேருக்கு நேரா ஆடுவோம்னு சொல்லப் போறேன். தோத்தா தோத்துட்டுப் போறேன். என்ன சிரிக்க செண்பகம்? சரி, மூவாயிரம். ஆனா ஒண்ணு, வேகம் எங்க மில்லுல ஆயிரத்து நானூறுதான், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் பதினாலாயிரத்து முந்நூறையும் அழிக்கத்தான் நினைக்கேன், எப்படி அழிக்கணும்னு எனக்குத் தெரியாது. வாட்ஸாப்புல போட்டதை இனிமே எடுக்கவும் முடியாதாம். பிச்சைக்கண்ணு வேற கை கூப்பியிருக்கான், அவனை எதுக்கு வருத்தப்படுத்தணும்.

கிளம்புதீங்களா? நல்லது. வீட்டுல அம்மாகிட்டயும் தம்பிகிட்டயும் நல்ல சேதியாச் சொல்லுங்க. ஒரே ஒரு விஷயம், பெரிய சம்பந்திங்கிற முறையில சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. நாளைக்கு நீங்களும் தென்காசிக்குப் போவீங்க, வருவீங்க. பொழுது போகலைன்னு அவரைச் சீட்டுக்கோ கேரம் போர்டுக்கோ கூப்பிடாதீங்க, கம்ப்யூட்டர் பக்கமும் உக்காந்துராதீங்க. நீங்க மாப்பிள்ளையைப் பெத்தவரு. உக்காந்தா நீங்கதான் ஜெயிப்பீங்க.